முடி முடியாகத் தெரியுது

"கழட்டுய்யா இதை! இப்பவே கழட்டு!"

அப்பா போட்ட சத்தத்தில் டிஷ்காரர் ஸ்குரூ டிரைவரும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். எச்.டி. பாக்ஸை மாட்டி முழுசாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"என்ன சார் குறை? முடி முடியா தெரியுதே!"

"அதான் குறை. கண்ணு கூசுது. என் பழைய பாக்ஸை மாட்டிட்டுப் போ."

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம்தான் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. இனிமேலாவது நன்றாகப் பார்க்கட்டும் என்று பெரிய டிவியும் எச்.டி. கனெக்‌ஷனும் வாங்கிக் கொடுத்தால், மனுஷன் வேலைக்கு வந்தவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக விரட்டுகிறார்.

"டாக்டரே டிவி பாக்கலாம்னுட்டாரு. இப்பதானே நியூஸைப் பாத்துட்டு 'அடடா, அடடா'ன்னீங்க? அதுக்குள்ள என்னப்பா வந்துச்சு?"

என்ன வந்தது என்பது கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. செய்திகள் முடிந்ததும் நாலு மணித் தொடரின் விளம்பரம் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அப்பா கத்த ஆரம்பித்தார்.

அது அம்மா இந்த வீட்டில் இருந்தபோது நடித்த தொடர்.

பாவம், இவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை என்று நினைத்தாள். அப்பா மேல் வந்த கோபம் அம்மா மேல் திரும்பியது. அது அங்கேதான் எப்போதும் குடியிருந்தது.

ஏழு வயதில் அவளை விட்டுவிட்டுப் போனவள். இருபத்து நாலு வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. இந்த வாரம் திடீரென்று பாசம் பொங்கி மூன்று தடவை போன். "உன்னை ஒரே ஒரு தடவை பாக்கணும்மா. அதுக்கப்புறம் தொந்தரவு பண்ண மாட்டேன்." இன்று மத்தியானம் மூன்றாவது தடவையும் பாதியிலேயே வைத்துவிட்டு நம்பரை பிளாக் பண்ணிவிட்டாள்.

அந்தத் தொடரை எத்தனை தடவை மறுபடி போட்டாலும் அப்பா விடமாட்டார். சின்ன வயதிலிருந்தே மகளையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார்.

"அந்த முகத்தைப் பாரு. ஒரு கீறல் உண்டா? மகாராணி மாதிரி வெச்சிருந்தேன். அப்படியும் ஓடிட்டா."

பழைய பாக்ஸில் அந்த முகம் நிஜமாகவே பளிங்கு மாதிரிதான் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் வெறுக்கக் கற்றுக்கொண்டாள்.

"நாலு மணி ஆச்சு. அணைச்சிடு," என்றார் அப்பா.

"ஏன் அணைக்கணும்? அவங்களுக்குப் பயந்து நாம ஏன்பா நம்ம வீட்டுல டிவியை அணைக்கணும்?"

இன்று அவளுக்கு விடிந்ததே சரியில்லை. கல்யாண மேக்கப் அவளுடைய தொழில். காலையில் மணப்பெண்ணின் அக்கா தோளில் நீலம் பாரித்துக்கொண்டு வந்து நின்றாள். கதவில் இடித்துக்கொண்டாளாம். நம்பவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை. நீலத்தை அடக்க ஆரஞ்சைத் தொட்டு வைத்து, அதன் மேல் தோல் நிறத்தைப் பூசி அனுப்பினாள். "வீடியோக்காரர் கிட்ட வந்தா ஒதுங்கிக்குங்க. இப்ப வர்ற கேமரா காட்டிக் குடுத்துடும்," என்று சொல்லியும் அனுப்பினாள். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

தொடரின் பெயர் ஓடியது. டிஷ்காரர் சூழ்நிலை புரியாமல் வாயைத் திறந்தார்.

"இதெல்லாம் அந்தக் காலத்துல பிலிம்ல எடுத்ததும்மா. அதை நல்லா சுத்தம் பண்ணி விட்டிருக்காங்க. பழைய பாக்ஸ்ல எல்லாம் புகை மூட்டமா தெரிஞ்சிருக்கும்."

"உன்னை யாருய்யா கேட்டா?" அப்பா ரிமோட்டுக்குப் பாய்ந்தார். ஆபரேஷன் ஆனவர் மாதிரியே இல்லை. அவள் முந்திக்கொண்டாள்.

திரை முழுக்க அம்மாவின் முகம் வந்தது. யாருக்கோ ஆசையாகச் சோறு போட்டபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

திட்டத்தான் வாயைத் திறந்தாள் மகள். திறந்த வாய் அப்படியே நின்றது.

ரிமோட்டில் பாஸ் பட்டனை அழுத்திப் படத்தை நிறுத்தினாள். டிவிக்கு அரை அடி தூரத்தில் போய் நின்றாள். அந்த இடது கன்னத்தில், காதோரத்திலிருந்து தாடை வரைக்கும், அவளுடைய விரல் நின்று நின்று நகர்ந்தது. தினமும் பத்து முகத்தைப் பார்க்கிற விரல்.

"அணைடி அதை!"

அவள் திரும்பவில்லை.

"நான் வேணா பழைய பாக்ஸையே மாட்டிடட்டுமாம்மா?" என்று டிஷ்காரர் மெதுவாகக் கேட்டார்.

"தொட்டீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

அவள் போட்ட சத்தத்தில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தன் வலது கையை மடியில் வைத்து, அதன் மேல் இடது கையை வைத்து மூடிக்கொண்டார்.

அவள் போனை எடுத்தாள். பிளாக்கை எடுக்கவே இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். மூன்றாவது தடவை மணி அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"அம்மா... அஞ்சு விரலுக்கும் நீயேவா ஆரஞ்சு போட்டுக்கிட்டே?"