கடைசி முற்றுப்புள்ளி

கடலடிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போன பிரிட்டோ, மகள் பிறந்த பிறகு இன்னும் கரையேறவில்லை. அவன் மனைவி ரெக்சி அதே கம்பெனியின் தூத்துக்குடி அலுவலகத்தில் இருந்தாள். ஊழியர்கள் படிக்கும் உள்வலைப் பக்கங்களில் சொற்களுக்கு லிங்க் கொடுப்பது அவள் வேலை. இப்போதெல்லாம் லிங்க்கைத் தொட்டால் அந்தப் பொருளே கைக்குத் தட்டுப்படும். 'வால்வு' என்பதைத் தொட்டால், அதை எவ்வளவு இறுக்க வேண்டுமென்று விரலுக்கே தெரிந்துவிடும்.

பாதுகாப்பு விதிகளின் கடைசி முற்றுப்புள்ளியில் ரெக்சி திருட்டுத்தனமாக ஒரு லிங்க் வைத்தாள். தொட்டால், பாப்பா விரலைப் பற்றிக்கொள்ளும். பிரிட்டோவிடம் மட்டும்தான் சொன்னாள். அவனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

மறுவாரமே சுரங்கத்திலிருந்து மேலாளர் இருதயராஜ் கூப்பிட்டார்.

"ஏம்மா, எவனும் எட்டிப் பாக்காத பக்கம் அது. இப்ப மொத்தப் பேரும் அந்தக் கடைசி வரியிலயே நிக்கானுவ. உங்க வேலதான?"

ரெக்சி அவசரமாக அந்தப் பக்கத்தைத் திறந்தாள். "மன்னிச்சிருங்க சார். இப்பவே எடுத்துருதேன்."

"எடுக்கச் சொல்லலம்மா." அவர் குரல் தணிந்தது. "பிள்ள சட்டுனு விரல விட்டுருது. இன்னுங் கொஞ்ச நேரம் பிடிச்சிருக்குற மாதிரி வைக்க முடியுமா?"