தரையிலிருந்து ஒரு சொல்

“நான் பேசட்டுமாண்ணே?” என்று வண்டியோட்டி கையை நீட்டினார்.

“ஏன், என் நாக்குக்கு என்ன கேடு?” என்றார் பெரியவர். காதுக்கருவியைத் தானே மாட்டிக்கொண்டு, வண்டியின் நீண்ட கையிலிருந்த கூண்டில் ஏறி நின்றார்.

விமானங்களில் படியும் பனியை நீக்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர். எதற்கும் வளையாதவர் என்பதால், காது படாத இடத்தில் ஆட்கள் அவரைக் கம்பம் என்பார்கள்.

இறக்கையெல்லாம் வெண்பனி மூடி நின்ற விமானத்தின் கேப்டன், அவருடைய தம்பி.

அப்பா போன பிறகு அவர் தோளில் தூக்கி வளர்த்த தம்பி. ஒரு குடும்பத்துக்கு அவர் கொடுத்திருந்த வாக்கைத் தட்டிவிட்டு, மனசுக்குப் பிடித்தவளைக் கட்டிக்கொண்டவன்.

‘இனி அவனோடு எனக்குப் பேச்சு கிடையாது’ என்று உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொல்லியிருந்தார். வருஷங்கள் ஓடிவிட்டன. சொன்னால் சொன்னதுதான்.

ஆனால் இங்கே வேறு விதி. விமானத்தின்மேல் பனி கரைக்கும் திரவம் ஒரு சொட்டு விழுவதற்கு முன், தரையில் இருப்பவர்தான் கேப்டனை முதலில் கூப்பிட வேண்டும். குழு முழுவதும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

“கேப்டன், தரையிலிருந்து பேசுறேன். தெளிக்கலாங்களா?”

பிறந்த நாளிலிருந்து ‘டா’ போட்டு அழைத்தவனை.

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது.

“தெளிங்க.”

ஒரே சொல். அதிகாரமுள்ள குரல். பள்ளிக்கூட மேடையில் பாதிப் பேச்சில் அழுதுவிட்டு ஓடிவந்த பையனா இவன்? பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

சூடான ஆரஞ்சு நிறத் திரவம் சீறிப் பாய்ந்தது. ஆவி எழும்பியது. இறக்கையிலிருந்து பனி பாளம் பாளமாகச் சரிந்து விழுந்தது. பிறகு வால். எல்லாம் பளிச்சென்று ஆனது.

பார்வைக்குத்தான்.

கையுறையைக் கழற்றிவிட்டு, வால்பக்கத்துச் சின்ன இறக்கைமேல் வெறும் உள்ளங்கையை வைத்து இழுத்தார். கை வழுக்கியது. கண்ணாடி போல ஒரு பனிப் படலம். கண்ணுக்குச் சிக்காத அந்தப் படலம் போதும், ஏறப்போகும் விமானத்தைக் கவிழ்த்துவிட.

“கேப்டன், வால் பக்கம் இன்னொரு தடவை தெளிக்கணும்.”

“நல்லாத்தானே இருக்கு?” என்று கீழே குழாய் பிடித்திருந்தவன் பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தான். “கம்பம் பழைய பகையைத் தீர்த்துக்குதுடா. தம்பியைக் காக்க வைக்குது.”

அது பெரியவர் காதிலும் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். பகையை வீட்டு வாசலோடு நிறுத்தத் தெரியாத பரம்பரையா தன்னுடையது?

“ஏற்கெனவே தாமதம். கண்டிப்பா வேணுமா?” என்றது தம்பியின் குரல்.

“வேணும்.”

கேப்டன் இருக்கையிலிருந்து வால் தெரியாது. தரையில் இருப்பவரின் சொல்தான் அவருக்குக் கண். அந்தச் சொல்லில் சந்தேகம் வந்தால், வேறு ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

தம்பி அப்படிக் கேட்டுவிட்டால், அத்தனை ஆட்கள் காதிலும் அது விழும். ‘கூடப் பிறந்தவனே நம்பவில்லை’ என்ற பேச்சு சாயந்திரத்துக்குள் ஊரைச் சுற்றிவிடும்.

பெரியவர் அசையாமல் நின்றார்.

“யார் தொட்டுப் பார்த்தது?”

“நான்தான்.”

இந்த முறை இரைச்சல்கூட இல்லை. உடனே பதில் வந்தது.

“அப்போ தெளிங்க.”

கீழே குழாய் பிடித்திருந்தவன் குனிந்துகொண்டான்.

மறுபடியும் ஆரஞ்சு. மறுபடியும் உள்ளங்கை. இப்போது அடியில் உலோகம் தட்டுப்பட்டது. அதற்குமேல், விமானம் ஏறும்வரை புதுப் பனி ஒட்டாமலிருக்க, கெட்டியான பச்சைத் திரவம் ஒரு பூச்சு.

“சுத்தம், கேப்டன். இறக்கை, வால், எல்லாம் சுத்தம்.” சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆனாலும் வாய் நிற்கவில்லை. “என் வாக்கு.”

“போயிட்டு வர்றேண்ணே.”

“ம்” என்றார்.



கூண்டிலிருந்து இறங்கி, வழிவிட்டுத் தள்ளி நின்றார். வண்டியோட்டியும் பக்கத்தில் வந்து நின்றார். விமானம் மெல்ல நகர்ந்து திரும்பியது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின.

இறக்கைக்குப் பின்னால் ஒரு ஜன்னலில் ஒரு பெண் முகம். மடியில் தூங்கும் ஒரு குழந்தை.

முன்பு தபாலில் தம்பியின் கல்யாணப் படம் வந்தது. அதை அவர் சுவரில் மாட்டவில்லை. கிழித்துப் போடவும் இல்லை. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும் அதே முகம்.

இவர்களையும் ஏற்றி வைத்துக்கொண்டுதான் அவன், தொட்டது யார் என்று மட்டும் கேட்டானா?

அவள் அவரை நேராகப் பார்த்தாள். சிரிக்கவில்லை. கண்ணைத் தாழ்த்தவும் இல்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது.

ஈரக் கையை உயர்த்திக் காட்டினார். அந்த ஜன்னல் தாண்டிப்போன பிறகும் கையை இறக்கவில்லை.

“யாருண்ணே அது? உங்களையே வச்ச கண் வாங்காம பாத்துட்டுப் போகுது?” என்றார் வண்டியோட்டி.

பெரியவர் குழு முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்:

“எங்க வீட்டு மருமக.”