இரவல் தலைவர்

நாட்டை உருவாக்கிய தலைவர்களையெல்லாம் பேசும் உருவங்களாகச் செய்து, வீட்டுக்கு ஒருவராக அரசாங்கம் குலுக்கலில் கொடுத்த வருஷம் அது. எதிர்வீட்டு மரகதத்துக்கு முதல் தலைவரே விழுந்தார். வேதவல்லிக்கு வந்தவரோ பெயர்கூடத் தெரியாத ஒருவர். நாற்காலியில் தூங்கி வழிந்தார். அன்று முதல் வேதவல்லிக்கு வயிற்றெரிச்சல்தான்.

மகளைப் பெண்பார்க்க வருகிறார்கள் என்றதும் வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

"ஒரு நாளைக்கு மட்டும் ஆளை மாத்திக்கலாமா, மரகதம்?"

"தாராளமா, அக்கா!"

தலைவரைக் கண்டதும் மாப்பிள்ளையின் அப்பா விழுந்து கும்பிட்டார். கேசரியை முடித்துவிட்டு, "அம்பது பவுன் போட்டுடுங்க" என்றார்.

"பெண்ணுக்கு விலை பேசுகிறவர்கள் வெளியே போங்கள்!" என்றார் தலைவர். "இதற்காகவா சிறையில் கிடந்தோம்?"

"தலைவர் இருக்கிற வீடுன்னாங்க. பேசுவார்னு யாரும் சொல்லலியே!" என்று அவர்கள் எழுந்து போனார்கள்.

வேதவல்லி எதிர்வீட்டுக்கு ஓடினாள். மரகதம் சர்க்கரையை நீட்டினாள்.

"எம் பொண்ணுக்கு இன்னிக்கு நிச்சயம் ஆயிடுச்சுக்கா. உங்க ஆளு வாயே திறக்கல. எங்க தலைவர் பேசிப் பேசியே மூணு சம்பந்தம் போச்சு எனக்கு."

"சரி, என் ஆளைக் குடு."

"கல்யாணம் முடியட்டும்கா. தலைவர் உங்க வீட்லயே இருக்கட்டுமே, பெருமைதானே!"

மரகதத்தின் கூடத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவரை வேதவல்லி பார்த்தாள். எவ்வளவு தங்கமான மனிதர் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.