பின்னால் வந்த பயல்

"இன்னைக்கும் அந்தப் பயலுக்குத் தண்ணி காட்டிட்டேன்!" ஹெல்மெட்டைக் கழற்றியபடி மார்தட்டினார் ரிட்டயர்டு என்ஜினியர்.

ஞாயிறுதோறும் மேட்டுச் சாலையில் சைக்கிள் ஓட்டுவார். கழுத்து திரும்பாது; ஹேண்டில்பார் கண்ணாடியில்தான் பின்னால் பார்ப்பார். ஹெல்மெட்டும் முகமூடியுமாக ஒரு பயல் விடாமல் தொடர்ந்து வருவான். ஒரு நாளும் முந்தியதில்லை.

"டாக்டர் மேடு ஏறாதீங்கன்னாரே?" என்றாள், வாக்கிங் முடித்து அப்போதுதான் வீட்டுக்குள் வந்த மனைவி.

"அவருக்கென்ன தெரியும்? நீ வெறுமனே நடந்துட்டு வர்றதுக்கே வேர்த்துக் கொட்டுது. என்னைப் பாரு!"

அடுத்த ஞாயிறு பாதி மேட்டில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சைக்கிளோடு சாய்ந்தார். பின்னால் வந்த பயல் ஓடிவந்து, அவர் காலை மடியில் வைத்து நீவிவிட்டான்.

வலியிலும் வாய் சும்மா இருக்கவில்லை. "தம்பி, காலு மட்டும் மக்கர் பண்ணலேன்னா, நீ என்னைப் பிடிச்சிருக்கவே முடியாது."

முகமூடி இறங்கியது. மனைவி!

"முந்தணும்னா முதல் வாரமே முந்தியிருப்பேன். நீங்க விழுந்தா தூக்க ஆள் வேணுமேன்னுதான், எதிர்வீட்டு டீச்சர் சைக்கிளை வாங்கிட்டுப் பின்னாடியே வந்தேன்."

திருதிருவென்று விழித்தவர், மெல்ல எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"சரி சரி, இனிமே நீயே முன்னாடி போ. எனக்கு இந்த எதிர்க்காத்து ஒத்துக்கல."