திரை கறுக்கும்

திரையில் அம்பு தானாக நகர்ந்தது.

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். தொடக் கூடாது.

நகர்த்துவது மகள். புனேயில் உட்கார்ந்துகொண்டு இந்த வீட்டு லேப்டாப்பை ஓட்டுகிறாள். அப்படித்தான் எழுத்து வந்தது. எழுதியது அவள்தானா, யார் கண்டது? இப்படி அம்பை நகர்த்தியே ஆளை மொட்டையடிக்கிறவன்கள் இருக்கிறான்கள்.

கீழே இன்னும் எழுத்து வந்தது. கூட்டிக் கூட்டிப் படித்தார்.

'டிரைவர் ரொம்பப் பழசுப்பா. அதான் படம் உடையுது. புதுசு போடுறேன். திரை கறுத்துப்போகும். பயப்படாத. பிளக்கப் புடுங்கிறாத. இப்ப ஆமாவான்னு கேக்கும். அமுக்கு.'

டிரைவராம். படத்தைத் திரைக்குக் கொண்டுவருகிற ஏதோ ஒன்று. கண்ணுக்குத் தெரியாதாம். தெரியாததை எப்படிப் பழசு என்று சொல்வது?

ஒற்றை விரலால் அடித்தார்.

'உன் அம்மா பேர் என்ன?'

'யப்பா! பூங்கனி. அமுக்கு.'

அமுக்கினார்.

ஒரு பட்டை ஊர்ந்தது. பாதியில் நின்றது.

மகளுக்குக் காது கேட்காது. பேச்சும் இல்லை. பிறவியிலேயே. கட்டிக்கொண்டவனும் அப்படித்தான். அவள் பேசுவதெல்லாம் கையில். படம் உடைந்தால் பேச்சும் உடையும்.

நேற்று வீடியோவில் பேசும்போது உடைந்தது.

வயிற்றில் கை வைத்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. அடுத்து என்னவோ சொல்ல இரண்டு கையும் எழும்பின. அவ்வளவுதான். விரல்கள் கட்டம் கட்டமாகச் சிதறின. பச்சையாக ஒரு பட்டை அவள் கழுத்தில் விழுந்து நின்றுவிட்டது.

வயிற்றில் என்ன?

பூங்கனியும் முதலில் அங்கேதான் கை வைத்துக் காட்டினாள். தையில் காட்டினாள். சித்திரையில் இல்லை.

எழுதிச் சொல் என்று காலையிலேயே கேட்டுவிட்டார்.

'மாட்டேன். கையிலதான் சொல்லுவேன்.'

கெட்ட சேதியைத்தான் முகம் பார்த்துச் சொல்வார்கள். அவருக்குத் தெரியும். பூங்கனிக்குக் கட்டி என்று டாக்டரும் அப்படித்தான் சொன்னார்.

திரை கறுத்தது.

சொல்லிவிட்டுத்தான் கறுத்தது. இருந்தும் கை பிளக்கைத் தேடியது.

உள்ளே காற்றாடி மட்டும் சுற்றியது. பிறகு அதுவும் அடங்கியது.

கறுப்புக்குள் ஒரு கிழவன் தெரிந்தான். வாயைத் திறந்துகொண்டு.

இனி எப்படிக் கேட்பது? அவரிடம் இருப்பது தமிழ் எழுத்து வராத பட்டன் போன். அதில் அவள் காதுக்கு எதைச் சொல்ல?

"பவுனு..."

கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. அவள் பிறந்ததிலிருந்து வாயால் கூப்பிட்டதே இல்லை. இந்த வீட்டில் அவளைக் கூப்பிடுவது லைட். அணைத்துப் போட்டால் எந்த வேலையில் இருந்தாலும் தலையைத் தூக்குவாள்.

எழுந்தார். சுவிட்ச் போர்டைத் தடவினார்.

லைட் சுவிட்சுக்கு ஒட்டினாற்போல் லேப்டாப் சுவிட்ச். பேட்டரி செத்து வருஷமாகிறது. இதைத் தட்டினால் அதோடு சரி.

எது எது?

அணைத்தார். போட்டார். அணைத்தார். போட்டார்.

திரை அப்படியே கிடந்தது.

எதிர்வீட்டு ராக்கம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, பொழுது சாயயில லைட்ட வச்சு வெளாடுறீக? கல்யாண வீடா?"

"ஒன் சோலியப் பாரு, போ."

இவளிடம் சொன்னால் விளக்கு வைப்பதற்குள் தெரு முழுக்க மகளுக்குக் கட்டி வந்துவிடும்.

முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் விழுந்தது.

திரும்பினார். திரை வெளுத்திருந்தது. அழைப்பு வந்து துடித்துக்கொண்டிருந்தது. அமுக்கினார்.

முகம். முழு முகம். மூக்குத்தியில் கல் தெரிந்தது. பத்து விரலும் தனித்தனியாக.

அவள் வயிற்றில் கை வைத்தாள். அப்புறம் இரண்டு கையையும் வளைத்து, எதையோ ஏந்தி, மெல்ல ஆட்டினாள்.

சிரித்தாள்.

கட்டி இல்லை. வலி இல்லை. நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். மூச்சு வந்தது.

வந்த மூச்சு பாதியிலேயே நின்றது.

பிள்ளைக்காவது கேட்குமா? அவருடைய கை தானாக எழும்பியது. காதுப் பக்கம் போய்விட்டது. சட்டென்று திருப்பி மண்டையைச் சொறிந்தார்.

நேற்றாக இருந்தால் தப்பித்திருக்கலாம். இன்று படம் கண்ணாடி மாதிரி இருந்தது.

அவள் பார்த்துவிட்டாள்.

சிரிப்பு நின்றது. நாற்காலியை விட்டு எழுந்தாள். படத்தில் சுவர் மட்டும் மிஞ்சியது.

திரை கறுத்தது.

தொலைந்தது என்று நினைத்தார். கை போர்டுக்குப் பாய்ந்தது.

வெளுத்தது.

கறுத்தது.

வெளுத்தது.

கறுத்தது திரை இல்லை. அவள் அறை.

சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை சுவிட்சில். ஒரு கை வயிற்றில்.

கூப்பிட்டது அவரை இல்லை. குனிந்து வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.