பொய்யென்று ஒரு வார்த்தை

“இந்தப் புத்தகம் சுத்தப் பொய், சார்!”

அந்தப் பெண் மேசை மேல் அதைப் போட்ட வேகத்தில் பதிப்பாளரின் காபி தளும்பியது.

அவர் கோப்பையை நகர்த்திவிட்டு அட்டையைப் பார்த்தார். போர் நடந்த அயல்நாட்டுக்குப் போய், அகதி முகாமில் ஓராண்டு சேவை செய்துவிட்டு வந்த டாக்டரின் அனுபவ நூல் அது. மூன்றாம் பதிப்பு அச்சில் ஓடிக்கொண்டிருந்தது. பொய் என்று பேச்சுக் கிளம்பினால் பதிப்பகத்தையே இழுத்து மூட வேண்டியதுதான்.

“உட்காருங்கம்மா. எது பொய்?”

“ஏழாவது அத்தியாயம். சமையல்காரர் சொல்லாம கொள்ளாம ஓடிட்டாராம். டாக்டரே அடுப்பு மூட்டி முகாமுக்கே சமைச்சாராம். பாத்திரம் தேய்ச்சாராம். ராத்திரி அழுத குழந்தைங்களைத் தோள்ல போட்டுத் தூங்க வச்சாராம். காதுல பூ சுத்தறதுக்கும் ஒரு அளவில்லையா?”

“ஏன், டாக்டர்னா சமைக்கக் கூடாதா?”

“வெங்காயம் நறுக்கற பக்கமே வரமாட்டாரு சார், அவரு. கண்ணு எரியுமாம்!”

பதிப்பாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “யாரு சொல்லிக் குடுத்து அனுப்பினது? எதிர்த்தெருப் பதிப்பகமா?”

“யாரும் அனுப்பலை. பொய்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். நிம்மதியா வீட்டுக்குப் போயிடறேன்.” அவள் குரல் இறங்கிக் கெஞ்சியது.

“வீட்டுக்கா, பத்திரிகை ஆபீசுக்கா? அந்தக் கதையெல்லாம் என்கிட்ட வேண்டாம்!” பதிப்பாளர் கைப்பேசியை எடுத்தார். முகாம் நர்ஸ் அனுப்பிய வீடியோவை ஓடவிட்டு அவள் முன் நீட்டினார்.

திரையில் டாக்டர் குத்துக்காலிட்டு ஓர் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முதுகில் துணியால் கட்டிய குழந்தை. வாயில் பாட்டு வேறு.

“இன்னொரு தடவை போடுங்க” என்றாள். போட்டார். அவள் கண்கள் நிறைந்தன.

பதிப்பாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “பார்த்தீங்களா? எழுத்துக்கு எழுத்து உண்மை! அழாதீங்கம்மா. எப்பேர்ப்பட்ட மனுஷன்! முதல் தடவை பார்த்தப்போ எனக்கும் இப்படித்தான் மனசு உருகிப் போச்சு.”

அவள் கைக்குட்டையால் மூக்கை அழுந்தத் துடைத்தாள்.

“கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷமா, இவருக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாதுன்னு நம்பிக்கிட்டிருந்தேன், சார்!”