அரைஞாண் சாவி

"பொணத்துக்குத்தான் அரைஞாண் கயித்த அறுப்பாங்க. நான் இன்னும் சாவலம்மா!"

துலுக்கானம் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். எதிரே நர்ஸ் சுதா கத்தரிக்கோலோடு நின்றாள். அவர் உடம்பில் ஆஸ்பத்திரி கொடுத்த பச்சை அங்கி. எழுபத்திரண்டு வயதில் முதல் ஆபரேஷன்.

"தாத்தா, உள்ள போறப்ப உடம்புல ஒரு குண்டூசிகூட இருக்கக் கூடாது. அந்தச் சாவியக் கழட்டுங்க. கழட்ட வரலன்னா கயித்த வெட்டித்தான் ஆகணும்."

அரைஞாண் கயிற்றில் சாவியைக் கோத்திருந்த முடிச்சு இறுகிக் கல்லாகிக் கிடந்தது. பொங்கலுக்குப் பொங்கல் கயிறு மாற்றும்போதுகூட, புதுசைக் கட்டிய பிறகுதான் பழசை அறுப்பார். வெறும் இடுப்போடு ஒரு நிமிஷம் இருந்ததில்லை.

"அஞ்சு நிமிஷம் குடும்மா" என்றார். சுதா பெருமூச்சு விட்டுக்கொண்டு நகர்ந்தாள்.

அயனம்பாக்கம் வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருக்கிற இரும்புப் பெட்டியின் சாவி அது. பெட்டிக்குள் இருப்பது, செத்துப்போன மனைவி அங்கம்மாவின் நகை.

மகள் மதிவதனி அவர் காலை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். முதுகுவலி என்றதும் காட்டுப்பாக்கத்திலிருந்து ஓடி வந்து டாக்டரிடம் அழைத்துப் போனவள் அவள்தான். டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து, முதுகைத் திறந்துதான் ஆகணுமாம், மூணு நாள் படுக்கையாம் என்று சொன்னவளும் அவள்தான்.

அன்றிலிருந்து ஒரு வாரமாக அவருக்குத் தூக்கம் இல்லை. ஆவடி டாங்கி பேக்டரியில் முப்பது வருஷம் இரும்பு அறுத்தவர். இரும்பை அறுத்தால் பொறி பறக்கும் என்று தெரியும். எலும்பை அறுத்தால் என்ன பறக்கும் என்று தெரியவில்லை.

"கத்தி வெக்கிறப்ப தெரியுமா மதி?"

"ஒண்ணியும் தெரியாது நைனா. கண்ண மூடிக்கோ. தொறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"அப்படியே போயிட்டேன்னா?"

"வாயக் கழுவு. நாலு இட்லிய உள்ள தள்ளிகினு சாவறதப் பத்திப் பேசுது பாரு, பேச்சு!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையில் ஏழு மணிக்கே இட்லியும் வடகறியும் வாங்கிவந்து, தெம்பு வேணும் என்று பிய்த்துப் பிய்த்து ஊட்டினாள். பெற்ற தாய்கூட அப்படி ஊட்டியதில்லை.

அவருடைய போன் அடித்தது. மகன் வெற்றிச்செல்வன். இது மூன்றாவது தடவை.

"பாத்தியா, உன் தம்பிக்கு மோப்பம் புடிச்சிட்ச்சு. நீ எதுனா சொன்னியா?"

"நான் இன்னாத்துக்கு சொல்றேன்? நீ படுக்கப் போறன்னு தெரிஞ்சா, அவன் மொதல்ல பொட்டியாண்டதான் வந்து நிப்பான்."

துலுக்கானம் போனை அணைத்து அவளிடம் கொடுத்தார். பேச வேண்டியது ஒன்றும் இல்லை.

யாரையும் நம்புகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. பால் பாக்கெட்டைக்கூட அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். வெற்றிச்செல்வன் மாசம் தவறாமல் நகையைக் கேட்டு, மாசம் தவறாமல் சண்டை போடுகிறவன். மதிவதனி அப்படி இல்லை. அங்கம்மாவின் காரியம் முடிந்த அன்றைக்கு, "அம்மா நக பொண்ணுக்குத்தானே நைனா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "நான் உசுரோட கீற வரைக்கும் எவளுக்கும் இல்ல" என்றார். அதற்கப்புறம் எட்டு வருஷம், நகை என்ற வார்த்தையே அவள் வாயில் வரவில்லை.

சுதா திரும்பி வந்தாள். "தாத்தா, உங்களுக்குப் பின்னாடி இன்னும் ஆறு பேர் இருக்காங்க."

"வெட்டு" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். கத்தரிக்கோல் இடுப்பில் சில்லென்று பட்டது.

சாவியை மகளின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களைத் தானே மடக்கினார். "ஏந்து வந்தேன்னா எங்கிட்ட குடு. வரலன்னா பொட்டி உன்னுது. அவன் கையில மட்டும் சிக்க வுட்டுடாத."

"நீ தைரியமா போ நைனா. நான் இங்கியேதான் குந்திகினு இருப்பேன்." அவள் கண் கலங்கியிருந்தது.

உள்ளே ஒரே குளிர். யாரோ காதை அடைத்தார்கள். அசையக் கூடாது என்றார்கள். கொஞ்ச நேரத்தில் இரும்பைத் தட்டுகிற மாதிரி சத்தம் கேட்டது. ஆரம்பித்துவிட்டார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனால் வலிக்கவே இல்லை. மதி சொன்னபடியே ஒன்றும் தெரியவில்லை.

அவள்தான் எனக்குப் பிள்ளை என்று நினைத்தார். எழுந்து போனதும் முதல் வேலையாகப் பெட்டியை அவளுக்கே திறந்துவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தார்.

வெளியே தள்ளி வந்தபோது மதிவதனியின் நாற்காலி காலியாக இருந்தது. மருந்து வாங்கப் போயிருப்பாள்.

சுதா அவருடைய சட்டையையும் வேட்டியையும் நீட்டினாள். "முடிஞ்சுது தாத்தா. மாத்திக்கிட்டுக் கிளம்புங்க."

"கெளம்பறதா? முதுக அறுத்துப் போட்டுட்டு நடந்து போவச் சொல்றியா? எம் பொண்ணு மூணு நாள் படுக்கணும்னு சொல்லிச்சே!"

கையைப் பின்னால் விட்டு முதுகைத் தடவினார். கட்டு இல்லை. தையல் இல்லை. வெறும் இடுப்புதான் கையில் தட்டுப்பட்டது.

சுதா அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"யார் அறுத்தது? உங்களுக்கு எடுத்தது வெறும் ஸ்கேன் தாத்தா!"